காத்திருப்பவரின் கூலி: விஸ்லரின் தேம்ஸ் எட்சிங்குகள்

‘விஸ்லரின் அம்மா’ என்று உலகமே அறிந்த ஓவியம் ஒன்று உண்டு. கறுப்பு உடையும் வெள்ளைத் தலைத்துணியுமாக ஒரு மூதாட்டி பக்கவாட்டில் உட்கார்ந்திருப்பார். ஜேம்ஸ் மெக்னீல் விஸ்லர் 1871-இல் லண்டனின் செல்சீ பகுதியில் இருந்த தன் வீட்டில் வைத்து அதைத் தீட்டினார். 1891-இல் பிரெஞ்சு அரசு வாங்கியது. இன்று பாரிஸின் ஒர்சே அருங்காட்சியகத்தின் சொத்து. அந்த மூதாட்டியைப் பற்றி எழுதாதவர் இல்லை. அவருக்கு எதிரே சாம்பல்நிறச் சுவரில் சட்டமிட்டு மாட்டியிருக்கும் சின்னப் படத்தை அநேகம் பேர் கண்டுகொள்வதில்லை. அதுவும் விஸ்லருடையதுதான். 1859-இல், தனக்கு இருபத்தைந்து வயது நடந்தபோது, கிழக்கு லண்டனின் ஆற்றங்கரையில் உட்கார்ந்து செப்புத் தகட்டில் கீறிய ‘பிளாக் லயன் வார்ஃப்’ என்னும் எட்சிங். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து அதையே அமைதி குடிகொண்ட ஓர் அறையின் சுவரில், விவரம் எதுவும் தெரியாத வெறும் கறுப்பு வெள்ளைத் திட்டாக ஆக்கி மாட்டிவிட்டார். ஓவியத்தில் அந்தச் சட்டத்துக்குள் என்ன இருக்கிறது என்று கண்ணை இடுக்கிப் பார்த்தாலும் பிடிபடாது. மூல எட்சிங்கை எடுத்துப் பார்த்தால்தான் அங்கே ஒரு கூலியாள் உட்கார்ந்திருப்பது தெரியும்.

படம் பெரியதல்ல, ஒரு நோட்டுப் புத்தகத்தின் பக்கம் அளவுதான். மேல்பாதி முழுவதும் எதிர்க்கரையின் கட்டடங்கள்: செங்கல் கிடங்குகள், பலகை அறைந்த பழைய வீடுகள், சரிந்த ஓட்டுக் கூரைகள், ஆற்றை நோக்கித் துருத்திக்கொண்டு நிற்கும் மர மேடைகள். ஒவ்வொரு பலகைக்கும் இடையிலுள்ள இடுக்கு தெரிகிறது. ஒரு ஜன்னலும் பக்கத்து ஜன்னலும் ஒன்றுபோல இல்லை. சுவர்களில் துறையின் பெயர்கள் பெரிய எழுத்தில் எழுதியிருப்பதை வாசிக்க முடிகிறது. நடுவில் பாய்மரங்களும் கயிறுகளும். தண்ணீரென்று தனியாக எதுவும் இல்லை. வெற்றுத் தாளையே தண்ணீராக விட்டுவிட்டு அங்கங்கே நாலைந்து கோடுகள். படத்தின் அடிவிளிம்பில், நமக்கு மிக அருகில், ஓர் ஆள் உட்கார்ந்திருக்கிறார். கால்களைச் சட்டம் வெட்டிவிட்டது. அவரைக் கீறிய கோடுகள் தடித்தவை, அவசரமானவை. நூறு கெஜத்துக்கு அப்பாலுள்ள ஓட்டுக்கூரைக்குக் கிடைத்த பொறுமை பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்குக் கிடைக்கவில்லை. அவர் எதையும் தூக்கவில்லை, இழுக்கவில்லை, கட்டவில்லை. சும்மா இருக்கிறார்.

தேம்ஸ் வரிசையின் மற்றப் படங்களிலும் இதுவே கதை. ‘ஈகிள் வார்ஃப்’ படத்தில் ஒரு பையன் துறையோரம் உட்கார்ந்திருக்கிறான். ‘ராதர்ஹைத்’ படத்தில் இருவர், ஆற்றைப் பார்த்த உப்பரிகையில் சாய்ந்திருக்கிறார்கள். துறைமுகத் தொழிலாளர்களின் பெயரையே தலைப்பாகக் கொண்ட இன்னொன்றில் அவர்கள் மதுக்கடைக்குள் இருக்கிறார்கள். உலகத்திலேயே அதிகம் சரக்கு ஏறி இறங்கிய ஆற்றங்கரை ஒன்றில் ஒரு கோடைகாலம் முழுக்கச் சுற்றியவர், மூட்டை சுமக்கும் முதுகைப் பெரிதாக ஒருமுறைகூட வரையவில்லை. இதைப் பார்த்து, விஸ்லருக்கு மனிதர்கள் மேல் அக்கறையில்லை, காட்சியமைப்புக்கு ஒரு கனம் வேண்டுமென்று ஆட்களைப் பிடித்து முன்னால் உட்காரவைத்தார் என்று சொல்வது சுலபம். ஓரளவு உண்மையும்கூட. ஆனால் அந்தக் கரையின் கூலி முறையைத் தெரிந்துகொண்டு மறுபடி படத்துக்கு வந்தால், ‘சும்மா இருக்கிறார்’ என்ற சொல் நமக்கே கூச்சம் தரும்.

1801-இல் லண்டனின் மக்கள்தொகை சுமார் 10 லட்சம். 1861 கணக்கெடுப்பில் 28 லட்சம். இத்தனை வயிறுகளுக்கும் வேண்டிய சர்க்கரை, தேயிலை, தானியம், நிலக்கரி, மரம் எல்லாம் பெரும்பாலும் ஆற்றுவழியாகவே வந்தன. நூற்றாண்டின் தொடக்கத்தில் கப்பல்கள் நடு ஆற்றில் மாதக்கணக்கில் நெரிசலில் கிடந்தன. அதற்கு மாற்றாகத்தான் உயர்ந்த மதிலுக்குள் செயற்கைக் குளங்களாகத் துறைகளை வெட்டினார்கள்: 1802-இல் வெஸ்ட் இந்தியா, 1805-இல் லண்டன் துறை, 1828-இல் செயின்ட் கேத்தரின். கடைசியாகச் சொன்னதற்காக மட்டும் 11,000-க்கும் மேற்பட்ட ஏழைகளின் குடியிருப்பை இடித்துத் தள்ளினார்கள். வீட்டு உரிமையாளர்களுக்கு இழப்பீடு போயிற்று; வாடகைக்கு இருந்தவர்கள் பக்கத்துத் தெருக்களில் போய் நெருக்கியடித்துக் கொண்டார்கள். பிளாக் லயன் வார்ஃப் இருந்த வாப்பிங் கரை இதற்கு அண்டை.

மதில் கட்டியாயிற்று. அப்படியானால் விஸ்லரின் படத்தில் இருக்கும் ஓட்டை உடைசல் கிடங்குகள் எப்படிப் பிழைத்தன? விடை துறைச் சட்டங்களிலேயே இருந்த ஒரு சலுகையில் இருக்கிறது. ஆற்றுப் படகுக்காரர்களைச் சமாதானப்படுத்த, கப்பலில் சரக்கு ஏற்றவும் இறக்கவும் வரும் சரக்குப்படகுகள் துறைக்குள் கட்டணமின்றி வந்துபோகலாம் என்று சட்டத்தில் எழுதிவைத்தார்கள். ‘இலவசத் தண்ணீர்’ விதி என்று அதற்குப் பெயர். வியாபாரிகள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். கப்பல் துறைக்குள் போகும். சரக்கு மறுபக்கமாகப் படகில் இறங்கி வெளியே வந்து, குறைந்த வாடகைக்குக் கரையோரக் கிடங்கில் ஏறிவிடும். மதில் கட்டிய கம்பெனிகளுக்குக் குளம் மிஞ்சியது, சரக்கு மிஞ்சவில்லை. கம்பெனிக்கும் கிடங்குக்காரருக்கும் நடந்த இந்தப் போட்டியில் இரண்டு தரப்பும் செலவைக் குறைக்கக் கைவைத்த இடம் ஒன்றே: கூலி. நிரந்தர ஆட்களைக் குறைத்துக்கொண்டு, கப்பல் வந்தால் கூப்பிடுவது, சரக்கு தீர்ந்தால் அனுப்பிவிடுவது. எட்சிங்கில் நாம் பார்க்கும் படகுகளின் நெரிசல், பழைய கிடங்குகள், உட்கார்ந்திருக்கும் ஆள் மூன்றும் இந்த ஒரே விதியின் மூன்று விளைவுகள்.

விஸ்லருக்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே பத்திரிகையாளர் ஹென்றி மேஹ்யூ இந்தக் கரையைச் சுற்றி எழுதியிருந்தார். 1849, 1850-இல் ‘மார்னிங் கிரானிக்கிள்’ நாளிதழில் வந்த அவருடைய கடிதங்களே பின்னர் லண்டனின் உழைப்பாளிகளையும் ஏழைகளையும் பற்றிய பெருந்தொகுப்பாக வளர்ந்தன. காலையில் துறையின் வாசலில் ஆயிரக்கணக்கில் கூடுவதும், கங்காணி வந்து பெயர் கூப்பிடும்போது ஒருவர் தோள்மேல் இன்னொருவர் ஏறிக் கையாட்டுவதும் அவர் எழுதிய காட்சிகளில் புகழ்பெற்றவை. எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது அவர் காற்றைப் பற்றி எழுதியது. கீழ்க்காற்று சில நாட்கள் தொடர்ந்து அடித்தால் கப்பல்கள் உள்ளே வரமுடியாது. ஆயிரக்கணக்கான குடும்பங்களில் அடுப்பு எரியாது. காற்றுத் திசைகாட்டியின் முள் எந்தப் பக்கம் நிற்கிறதோ அதைப் பொறுத்து ஒரு வட்டாரத்தின் பசி. கூப்பிட்டவர்களுக்குக்கூட ஒரு மணி, இரண்டு மணி நேர வேலைதான் சிலநாள் கிடைக்கும். வாசலில் தேறாதவர்கள் வீட்டுக்குப் போவதில்லை. யாராவது கைகாட்டக்கூடும் என்று உள்ளேயே எங்காவது உட்கார்ந்திருப்பார்கள். படகுக்காரர்களுக்கு வேறொரு எஜமானன்: ஏற்றவற்றம். வற்றத்தில் படகு சேற்றில் உட்கார்ந்துவிடும். தண்ணீர் ஏறும்வரை செய்வதற்கு ஒன்றுமில்லை. காற்றுக்கும், ஏற்றத்துக்கும், கங்காணிக்கும் காத்திருப்பதுதான் அந்தக் கரையில் உழைப்பவரின் நாளில் பெரும்பகுதி. தூக்குவதும் சுமப்பதும் இடையிடையே வருபவை. அந்தப் பெரும்பகுதிக்குத்தான் கூலி கிடையாது. படத்தின் அடியில் உட்கார்ந்திருப்பவர் வேலை செய்யவில்லை என்பது அவர் தொழிலைப் பற்றிய மிகச் சரியான தகவல்.

விஸ்லர் இதையெல்லாம் யோசித்து வரைந்தார் என்று நான் சொல்லவரவில்லை. அவர் மேஹ்யூ அல்லர். ஜெர்மன் கலைஞர் கேத்தே கோல்விட்ஸும் அல்லர். கோல்விட்ஸ் 1890-களில் நெசவாளர் கிளர்ச்சியைப் பதிப்போவியங்களாகச் செய்தபோது எந்தப் பக்கம் நிற்கிறோம் என்ற தெளிவோடு செய்தார். விஸ்லருக்கு அப்படிப் பக்கம் எதுவும் இல்லை. அவரிடம் இருந்தது வேறொன்று: விட்டுவிடக்கூடாது என்ற கைப்பழக்கம். அமெரிக்காவின் மாசச்சூசட்ஸ் மாநிலத்து லோவல் நகரில் பிறந்தவர். தகப்பனார் ரயில்வே பொறியாளர். ரஷ்யாவில் பீட்டர்ஸ்பர்க்-மாஸ்கோ இருப்புப்பாதைக்கு வேலை பார்த்தவர். மகன் ராணுவக் கல்லூரியில் வேதியியலில் தோற்று வெளியேறினார். 1854 நவம்பரில் வாஷிங்டனில் கடற்கரை அளவைத் துறையில் வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதத்தில் விலகினார். எட்சிங்கின் அரிச்சுவடி அங்கேதான். மாலுமிகள் நம்பிக் கப்பல் ஓட்டும் கரைப்படங்களைச் செப்பில் கீறும் வேலை அது. பாறை எங்கே இருக்கிறதோ அங்கேதான் இருக்கவேண்டும். (கலிபோர்னியாவின் அனகாபா தீவைக் கீறியபோது, இல்லாத கடற்புறாக் கூட்டங்களை வானத்தில் பறக்கவிட்டார். அதையும் சொல்லத்தான் வேண்டும்.) பறவை வரைந்த குறும்பும் பாறையை இடம் மாற்றாத ஒழுங்கும் சேர்ந்தே தேம்ஸ் கரைக்கு வந்தன.

எட்சிங் வேலைக்கே ஒரு குணம் உண்டு. செப்புத் தகட்டின்மேல் மெழுகும் பிசினும் கலந்த மெல்லிய பூச்சைப் பூசி, புகை பிடித்துக் கறுப்பாக்கி, ஊசியால் கீறினால் பூச்சு விலகிச் செம்பு மின்னும். தகட்டை அமிலத்தில் போட்டால் கீறிய இடம் மட்டும் அரிக்கும். எவ்வளவு நேரம் கிடக்கிறதோ அவ்வளவு ஆழம். ஆழத்துக்குத் தக்கபடி மை பிடிக்கும். எதிர்க்கரைக் கோடுகள் மெலிந்தும் முன்னால் இருப்பவரின் கோடுகள் தடித்தும் தெரிவதில் ஊசிக்குப் பங்கு இருப்பதுபோல அமிலம் அரித்த நேரத்துக்கும் பங்கு உண்டு. தகட்டில் வரைந்தது தாளில் இடவலம் மாறி விழும். கவனமான கைவினைஞர்கள் அதற்காக முதலிலேயே படத்தைத் திருப்பிப்போட்டு வரைவார்கள். விஸ்லர் கரையில் கண்டதை அப்படியே நேரடியாகத் தகட்டில் போட்டார். கரை திரும்பி விழுந்தால் விழட்டும் என்று விட்டுவிட்டார். ஆனால் கிடங்குச் சுவர்களின் எழுத்துகள் தாளில் சரியாகப் படிக்கவருகின்றன. அவற்றை மட்டும் கண்ணாடி எழுத்தாகத் தலைமாற்றி எழுதியிருக்கிறார். ஆற்றின் திசை பொய்யாகலாம், கடைப்பெயர் பொய்யாகக்கூடாது! வளர்ந்துவரும் வியாபார நகரத்தின் மனசை இந்த ஒரு தேர்வு எனக்குக் காட்டிவிடுகிறது.

பெயர் என்றதும் அந்த வரிசையிலேயே விதிவிலக்கான ஒரு படத்துக்கு வந்தாகவேண்டும். அதுவும் 1859-தான். 1860-இல் ராயல் அகாடமி கண்காட்சியில் வைத்தபோது அதன் தலைப்பு ‘டபிள்யூ. ஜோன்ஸ், சுண்ணாம்புக் காளவாய்க்காரர், தேம்ஸ் தெரு’. ஆளின் பெயர், தொழில், முகவரி மூன்றும் அதில் இருந்தன. கிட்டத்தட்ட ஒரு கடைப் பலகை. நெடுக்குவாட்டான படம். மரச் சட்டங்களும் உத்திரங்களும் ஒன்றுக்குள் ஒன்றாகப் போகும் நீண்ட கொட்டகை. ஓர் ஏணி. தட்டுமுட்டுச் சாமான்கள். கடைசித் திறப்புக்கு அப்பால் ஆறு. நடுவில் தொப்பியோடு ஜோன்ஸ் நிமிர்ந்து நிற்கிறார். வாப்பிங் ஆளைப்போல இவருடைய கால்களை யாரும் வெட்டவில்லை. இவர் தன் இடத்தில் நிற்கிறார்; கூலிக்குக் காத்திருப்பவரல்ல, தொழில் வைத்திருப்பவர். தொழிலாளிகளுக்குள்ளேயே இருக்கும் படிநிலையை இந்த இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும், தெரிந்துவிடும்.

சுண்ணாம்பு அற்பமான சரக்கு அல்ல. லண்டன் செங்கல் நகரம். செங்கல்லை ஒட்டவைப்பது சுண்ணாம்புச் சாந்து. கென்ட் பகுதியின் வெண்சுண்ணப் பாறைகளை வெட்டிப் பாய்மரப் படகுகளில் ஆற்றில் ஏற்றிவருவார்கள். காளவாயில் நிலக்கரி ஓர் அடுக்கு, கல் ஓர் அடுக்கு என்று மாற்றி மாற்றி அடுக்கி, 900 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடேற்றினால் கல்லிலுள்ள கரியமில வாயு பிரிந்துபோகும். நூறு கிலோ சுத்தமான கல் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பாக எஞ்சும். அதில் தண்ணீர் பட்டால் கொதிக்கும். கண்ணில் தூசி பட்டால் பார்வை போகும். வியர்த்த தோலை அரிக்கும். காளவாயின் கதகதப்புக்காக இரவில் அதன் ஓரத்தில் படுத்த வீடற்றவர்கள் வாயுவால் மூச்சுமுட்டிச் செத்த கதைகள் இங்கிலாந்து முழுக்க உண்டு. கிழக்கு லண்டனில் லைம்ஹவுஸ் என்னும் பேட்டையே சுண்ணாம்புக் காளவாய்களால் பெயர்பெற்றது. அந்தப் பேட்டையையும் விஸ்லர் கீறியிருக்கிறார். (1857-இல் அங்கேதான், கப்பல் வேலைக்கு வந்து கரையில் தவித்த ஆசிய மாலுமிகளுக்காக ஒரு விடுதி திறந்தார்கள். லஸ்கர்கள் எனப்பட்ட அந்த மாலுமிகளில் பெரும்பாலோர் இந்தியத் துணைக்கண்டத்தவர். விஸ்லரின் கரையில் அவர்களும் காத்திருந்தார்கள், அடுத்த கப்பலுக்காக.)

ஜோன்ஸ் அப்படி நிமிர்ந்து நின்ற வருஷத்தின் சூழலையும் பார்க்கவேண்டும். முந்தைய ஆண்டு, 1858 கோடையில், தேம்ஸ் நாறியது. சாக்கடை எல்லாம் ஆற்றில் கலந்ததால், வெயிலில் எழுந்த வீச்சம் நாடாளுமன்றத்தையே நடத்தவிடவில்லை. குளோரின் ஏற்றிய சுண்ணாம்பில் திரைகளை நனைத்து ஜன்னல்களில் தொங்கவிட்டார்கள். கழிவு விழும் வாய்க்கால் முகங்களில் டன் கணக்கில் சுண்ணாம்பைக் கொட்டினார்கள். வீச்சம் தங்கள் மூக்கை எட்டியதும் உறுப்பினர்கள் சில வாரங்களுக்குள் சட்டம் இயற்றினார்கள். 1859-இல் பொறியாளர் ஜோசப் பேசல்ஜெட்டின் பெருஞ்சாக்கடை வேலை தொடங்கியது. முப்பது கோடிக்கு மேல் செங்கற்களை விழுங்கிய அந்த வேலையில் அவர் பெரிய அளவில் துணிந்து பயன்படுத்தியது போர்ட்லண்ட் சிமெண்டை. 1824-இல் காப்புரிமை பெற்றும் அதுவரை பொறியாளர்கள் முழுதாக நம்பாத சரக்கு அது. சாக்கடை அதற்கு நற்சான்று கொடுத்தது. தண்ணீருக்குள்ளும் இறுகும் சிமெண்டு ஒரு நகரத்தின் அடித்தளத்துக்குள் போய்விட்ட பிறகு, சுண்ணாம்புக் காளவாயின் காலம் எண்ணப்பட்டுவிட்டது. ஒரே நாளில் போகவில்லை, இன்னும் பல பத்தாண்டுகள் இழுத்தது. ஆனால் விஸ்லரின் ஊசி பிடித்தது, தொழில் தன் உச்சத்திலிருந்து இறங்கப்போகும் படியில் நிற்கும் ஒரு மனிதரை.

தலைப்பில் இருந்த ஜோன்ஸின் பெயர் தங்கவில்லை. பின்னாளில் அந்தப் படம் வெறும் ‘சுண்ணாம்புக் காளவாய்க்காரர்’ என்றே வழங்கலாயிற்று. ஜோன்ஸும் தேம்ஸ் தெருவும் உதிர்ந்துபோனார்கள். சேகரிப்பாளர்களுக்கு ஆள் வேண்டாம், வகை போதும்.

வகையும் வேண்டாம் என்ற ரசனையும் அப்போதே இருந்தது. 1862-இல் இந்த எட்சிங்குகளைப் பாரிஸில் காட்சிக்கு வைத்தபோது பார்த்துப் பரவசப்பட்டு எழுதியவர்களில் கவிஞர் ஷார்ல் போதலேர் முக்கியமானவர். கயிறுகளையும் பாய்மரக் கொம்புகளையும் பனிமூட்டத்தையும் உலைகளையும் சுருள்சுருளான புகையையும் அவர் சொல்லி வியக்கிறார். ஒரு மாநகரத்தின் ஆழ்ந்த கவித்துவம் என்கிறார். அவர் அடுக்கும் பட்டியலில் ஒரு மனிதர்கூட இல்லை. வேடிக்கை என்னவென்றால், இந்தப் படங்களில் பனிமூட்டமும் பெரிதாக இல்லை. நல்ல வெளிச்சத்தில், விளிம்பு கூர்மையாக, எண்ணிப்பார்க்கத் தக்கதாகவே கரை இருக்கிறது. போதலேர் தன் மனத்திலிருந்த லண்டனைக் கண்டிருக்கிறார். விஸ்லரே பிற்பாடு அந்த லண்டனுக்குக் குடிபெயர்ந்துவிட்டார் என்பதுதான் இதில் வருத்தமான பகுதி.

அதற்கு முன் இன்னொரு படத்தைச் சொல்லிவிடுகிறேன். ‘தேம்ஸ் போலீஸ்’ என்ற எட்சிங்கில் வாப்பிங் கரையின் காவல் நிலையம் இருக்கிறது. பார்வைக்கு மற்றக் கட்டடங்களோடு கலந்துபோன ஒன்று. லண்டன் மாநகரக் காவல்துறை 1829-இல்தான் வந்தது. இந்த ஆற்றுப் போலீஸ் 1798-லேயே வந்துவிட்டது. மேற்கிந்தியத் தீவுகளோடு வியாபாரம் செய்த வணிகர்கள் பணம் போட்டு, பேட்ரிக் கல்குஹூன் என்ற நீதிபதியின் திட்டப்படி அமைத்தது. ஆற்றில் வேலை செய்யும் 33,000 பேரில் 11,000 பேர் திருடர்கள் என்பது அவர் சொன்ன கணக்கு. கப்பலின் அடித்தட்டில் சிந்திய சர்க்கரையைக் கூட்டி எடுத்துப்போவது அதுவரை கூலியோடு சேர்ந்த உரிமையாக இருந்தது. நம் ஊர்க் களத்துமேட்டில் பதர் தூற்றியவருக்குச் சிந்தல் சேர்வதைப் போல. புதிய ஏற்பாட்டில் அது திருட்டு ஆயிற்று. இதை வரலாற்றாசிரியர் பீட்டர் லைன்பா விரிவாக எழுதியிருக்கிறார். பொருளாகக் கிடைத்ததை ஒழித்து, உழைப்பை நேரக்கூலி என்ற ஒரே அளவைக்குள் கொண்டுவந்தார்கள். அந்த அளவையில் காத்திருக்கும் நேரத்துக்கு மதிப்பு பூஜ்யம். படத்தின் அடியில் உட்கார்ந்திருப்பவரின் கதையில் இந்தக் காவல் நிலையமும் ஒரு பாத்திரம்.

1871-இல் எல்லிஸ் அண்டு கிரீன் என்ற பதிப்பகம் பதினாறு எட்சிங்குகளைத் தொகுத்து நூறு பிரதிகள் வெளியிட்டது. அதே ஆண்டுதான் அம்மாவின் ஓவியம். அதற்குள் ஆற்றங்கரையும் மாறத் தொடங்கியிருந்தது. மேற்குப் பக்கம் பேசல்ஜெட்டின் கருங்கல் கரைகள் எழுந்துவிட்டன. விஸ்லர் இரவுக் காட்சிகளுக்குப் போய்விட்டார். அந்தியில் நீலமாய்க் கரைந்த ஆறு, ஒன்றிரண்டு விளக்கு, மெல்லிய நிழலாக ஒரு படகு. அழகானவை, மறுப்பதற்கில்லை. 1885-இல் ஆற்றிய புகழ்பெற்ற உரை ஒன்றில், அந்திப் பனியில் புகைபோக்கிகள் கோபுரங்களாகவும் கிடங்குகள் அரண்மனைகளாகவும் மாறுவதைப் பற்றிப் பேசினார். உழைப்பாளியும் படித்தவனும் ஒருபோல அதைக் காணாமல் வீட்டுக்கு விரைகிறார்கள் என்றார். 1859-இல் அந்தக் கிடங்குகள் அரண்மனைகள் அல்ல என்று பலகை பலகையாகத் தெரிந்துவைத்திருந்தவர் அவர். உழைப்பாளி ஏன் வீட்டுக்கு விரைகிறான் என்பதும் தெரியாதவரல்ல.

இடையில் ஒரு வழக்கு. 1877-இல் அவருடைய இரவுக் காட்சி ஒன்றைக் கலை விமர்சகர் ஜான் ரஸ்கின் கிழித்துத் தொங்கவிட்டார். எங்கே? பிரிட்டனின் தொழிலாளர்களுக்கும் கூலிகளுக்கும் எழுதும் கடிதங்கள் என்று அவர் நடத்திவந்த வெளியீட்டில். விஸ்லர் அவதூறு வழக்குப் போட்டார். 1878 நவம்பரில் விசாரணை. இரண்டு நாள் உழைப்புக்கா 200 கினி கேட்கிறீர்கள் என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்டதும், வாழ்நாள் முழுக்கச் சேர்த்த அறிவுக்குக் கேட்கிறேன் என்ற பொருளில் விஸ்லர் பதில் சொன்னதும் கலை வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுபவை. கலைஞனின் சுதந்திரம் பற்றிய பேச்சாகவே அதை எடுத்துக்கொள்கிறார்கள். நான் அதைக் கூலி வழக்காகவும் படிக்கிறேன். உழைப்பை மணிக்கணக்கில் அளக்காதே. கை அசையாத நேரமும் அதில் அடங்கியிருக்கிறது என்பதுதான் அவர் வாதம். வாப்பிங் கரையில் அவர் வரைந்தவருக்கும் அதே வாதம் பொருந்தும். அவரைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான். விஸ்லர் வென்றார், இழப்பீடு ஒரு ஃபார்த்திங், அதாவது கால் பென்னி. வழக்குச் செலவும் புது வீடு கட்டிய கடனும் சேர்ந்து மறு ஆண்டு திவாலானார். பிழைப்புக்காக மறுபடி எட்சிங் செய்ய வெனிஸுக்குப் போனார்.

கரையில் இருந்தவர்கள் தங்கள் வாதத்தை 1889-இல் எடுத்துவைத்தார்கள். ஆகஸ்ட் 14 அன்று தொடங்கிய துறைமுகத் தொழிலாளர் வேலைநிறுத்தம் ஐந்து வாரம் நீடித்தது. பென் டில்லெட், டாம் மேன், ஜான் பர்ன்ஸ் தலைமையில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் வரை இறங்கினார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து மட்டும் 30,000 பவுண்டு நன்கொடை வந்தது. மணிக்கு ஆறு பென்னி என்ற கோரிக்கைதான் எல்லாருக்கும் நினைவிருக்கிறது. முன்பு ஐந்து பென்னி. ஒரு பென்னி கூடுதல். கோரிக்கைப் பட்டியலில் இன்னொன்றும் இருந்தது: ஒருவரை வேலைக்குக் கூப்பிட்டால் குறைந்தது நான்கு மணி நேரக் கூலி கொடுக்கவேண்டும். சரக்கு ஒரு மணியில் தீர்ந்தாலும், படகு வரத் தாமதித்தாலும் அது கணக்கில் சேரும். காத்திருக்கும் நேரத்துக்கு முதல்முறையாக ஒரு விலை. கம்பெனிகள் இணங்கின.

வாசலில் கூடி நின்று அன்றாடம் ஆள் பொறுக்கும் முறை அதற்குப் பிறகும் போகவில்லை. 1947-இல் பதிவு முறை வந்தது. நிரந்தர வேலை என்பது 1967-இல்தான் லண்டன் துறைமுகத் தொழிலாளிக்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டு செயின்ட் கேத்தரின் துறையை மூடினார்கள். அதற்கடுத்த ஆண்டு வாப்பிங்கின் லண்டன் துறையும் மூடப்பட்டது.